ஏறும் சரக்குக்கு இறக்கை எதற்கு?

கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், சள்ளகெரெ பக்கம் உள்ள ஓடுபாதையில் இஸ்ரோவின் இறக்கை வாகனம் மூன்று முறை இறங்கிக் காட்டிவிட்டது. 2023 ஏப்ரலில் முதல் முறை. ‘புஷ்பக்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு 2024 மார்ச்சிலும் ஜூனிலும் அடுத்த இரண்டு முறை. விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டுவிடும். அங்கிருந்து ஓட்டுபவர் இல்லாமல், உந்துவிசையும் இல்லாமல், தானே வழி பார்த்து, விலகலைத் தானே திருத்திக்கொண்டு, மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் ஊன்றி, பின்னால் பாராசூட் விரித்து நிற்கும். பயணிகள் விமானம் இறங்குவதே மணிக்கு 260 கிலோமீட்டரில்தான். பார்க்கப் பிரமாதமான காட்சி. அதைச் செய்து முடித்தவர்களின் திறமையில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது.

சந்தேகமெல்லாம் மறுநாள் பத்திரிகையில் வருகிற வாக்கியத்தின் மேல்தான். 2016 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இதன் முன்னோடி 65 கிலோமீட்டர் உயரம் போய் வங்கக்கடலில் விழுந்த நாளிலிருந்து அந்த வாக்கியம் மாறவே இல்லை. இனி ராக்கெட்டைக் கடலில் எறிய வேண்டாம், விமானம் போல ஏறி விமானம் போல இறங்கலாம், விண்வெளிக்குச் சரக்கு அனுப்பும் செலவு பத்தில் ஒன்றாகிவிடும். தொலைக்காட்சி விவாதங்களில், பள்ளி அறிவியல் விழாக்களில், போட்டித் தேர்வுப் புத்தகங்களில் எல்லாம் இது ஏறக்குறைய முடிந்துபோன விஷயமாகச் சொல்லப்படுகிறது. நம் ஊரில் மட்டும் பிறந்த நம்பிக்கையும் இல்லை இது. 1972-இல் வாஷிங்டனும், அதன்பின் மாஸ்கோவும், 1980-களில் லண்டனும் இதற்காகக் கஜானாவைத் திறந்தன.

இந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. ஏவிய வாகனத்தை மீட்டு மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. சரக்கை மேலே ஏற்றும் வேலைக்கு இறக்கை உதவும் என்பதில்தான் சண்டை.

எதிர்த்தரப்பின் பெரிய பலம் விமான உவமை. டெல்லிக்கு ஒரு தடவை பறந்ததும் விமானத்தை உடைத்துப் போட்டால் டிக்கெட் என்ன விலை விற்கும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அது மறுபயன்பாட்டுக்கான வாதம். இறக்கைக்கான வாதமாக அது எப்போது மாறியது? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, ஒன்றை ஒப்புக்கொண்டவர் மற்றதையும் ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிட்டார்கள்.

விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எடைக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். நீண்ட தூரம் பறக்கும் ஜம்போ விமானம் கிளம்பும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவுதான் எரிபொருள். சுற்றுப்பாதைக்குப் போக வேண்டுமானால் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வழியில் புவியீர்ப்பும் காற்றும் பறித்துக்கொள்வதையும் சேர்த்தால் 9 கிலோமீட்டருக்கு மேல். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிக்கிற நல்ல இன்ஜினோடு, ஒரே வாகனமாக அந்த வேகத்தை எட்ட நினைத்தால், 100 டன்னில் ஏறக்குறைய 88 டன் எரிபொருளும் ஆக்சிஜனுமாகவே இருக்க வேண்டும். மிச்சம் 12 டன். தொட்டி, இன்ஜின், வெப்பக் கவசம், சக்கரம், கணினி, இறக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எல்லாரும் உட்கார்ந்த பிறகு மூலையில் ஒன்றிரண்டு டன் இடம் கிடைத்தால் அதுதான் சரக்கு. கட்டும்போது வாகனத்தின் எடை பத்து சதவீதம் கூடிப்போனால் (கூடாமல் எந்த விமானமும் கட்டப்பட்டதில்லை) அந்த மூலையும் போயிற்று. எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கும் என்பது புராணத்துப் புஷ்பக விமானத்தின் பெருமை. இங்கே கதை நேர்த்தலைகீழ்.

இதனால்தான் ராக்கெட்டை அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். காலியான அடுக்கைக் கழற்றிவிட்டு இலேசாகி மேலே போவது. இந்த அடுக்குமுறையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது; என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. கீழ்க்கட்டத்தில் பல கிலோ எடை கூடினால்தான் சரக்கில் ஒரு கிலோ குறையும். சுற்றுப்பாதை வரை கூடவே போகிற கடைசிக் கட்டத்தில் ஒரு கிலோ கூடினால் சரக்கில் முழுசாக ஒரு கிலோ குறையும். விண்விமானம் என்பது இறக்கை, வால், சக்கரம், வெப்ப ஓடு அத்தனையையும் சுற்றுப்பாதை வரை இழுத்துக்கொண்டு போகிற வாகனம். எடை மிக அதிக விலைக்குப் போகிற இடமாகப் பார்த்து எடையைக் கொண்டுபோய் வைக்கிறது.

ஒரு கிலோ இரண்டு கிலோவுக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தைப் போய்ப் பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு நேராகத் தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகும். அதனால் சற்று ஒதுங்கிக் கிளம்பி, நடுவழியில் வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது, சரக்கு குறைகிறது. பிஎஸ்எல்வி அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டது. 500 கிலோ வரை மட்டுமே ஏற்றும் எஸ்எஸ்எல்வியால் தாங்க முடியவில்லை. அந்தக் கிலோக்களை மீட்பதற்காகவே 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து, 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டி, நாட்டின் இரண்டாவது ஏவுதளத்தைக் கட்டுகிறார்கள். கொஞ்சம் சரக்கு கூடட்டும் என்று கடற்கரை கடற்கரையாக இடம் தேடிய அதே துறையை, டன் கணக்கில் இறக்கையை மேலே ஏற்றச் சொல்கிறார்கள் நம் விவாத மேடைப் பேச்சாளர்கள்.

கணக்கெல்லாம் காகிதத்தில்தானே என்றால், சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சோவியத் பொறியாளர்கள் அமெரிக்க ஷட்டிலைப் பார்த்து ‘புரான்’ கட்டினார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அமெரிக்கர்களைவிட விவரமாக நடந்துகொண்டார்கள். அமெரிக்க ஷட்டிலில் முதன்மை இன்ஜின்கள் விமானத்தின் வாலில் இருந்தன. விமானம் இல்லாமல் எதுவும் மேலே போக முடியாது. சோவியத்தினர் அந்த இன்ஜின்களை ‘எனர்ஜியா’ என்ற தனி ராக்கெட்டில் வைத்தார்கள். புரான் அதன் முதுகில் ஏறும் வெறும் சுமை. அதே ராக்கெட் புரானைத் தூக்கினால் மேலே சேரும் சரக்கு 30 டன். புரானைக் கழற்றி வைத்துவிட்டு நேராகச் சரக்கை ஏற்றினால் சுமார் 100 டன். ராக்கெட் அதே, எரிபொருள் அதே, ஏவுதளமும் அதே. இடையில் நிற்கும் 70 டன் இறக்கைக்கும் அதன் பரிவாரத்துக்கும் போன கூலி. புரான் 1988 நவம்பர் 15-இல் ஆளில்லாமல் இரண்டு சுற்று சுற்றி அழகாகத் தரையிறங்கியது. பிறகு பறக்கவே இல்லை. 2002-இல் பைக்கோனூரில் கொட்டகைக் கூரை இடிந்து விழுந்து நொறுங்கியது.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதில்: “அதெல்லாம் பழைய மாதிரி. காற்றிலிருந்தே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும் இன்ஜின் வந்தால் ஆக்சிஜனைச் சுமக்கும் எடை மிச்சம்.” இந்தியர்களுக்கு இது அன்னியமான கனவு இல்லை. ஏர் கமடோர் ஆர். கோபாலசாமி முன்வைத்த ‘அவதார்’ திட்டம் 1998-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. மொத்த எடை 25 டன். சாதாரண விமான நிலையத்திலிருந்து கிளம்பும். பறக்கும் வழியிலேயே காற்றைக் குளிரவைத்து ஆக்சிஜனைப் பிரித்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்ளும். அதிகபட்சம் ஒரு டன் சரக்கோடு சுற்றுப்பாதைக்குப் போகும். நூறு முறை போய் வரும். கேட்கவே இனிக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது காகிதத்தை விட்டு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதற்கு நிதி இல்லை, அரசுக்கு அக்கறை இல்லை என்றே காரணம் சொல்லப்படுகிறது. நிதி இருந்தவர்கள் கதியைப் பார்ப்போம். 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ரீகன் அறிவித்த எக்ஸ்-30 திட்டம், வாஷிங்டனிலிருந்து டோக்கியோவுக்கு இரண்டு மணி நேரம் என்ற வாக்குறுதியோடு கிளம்பி, ஒரு விமானம்கூடக் கட்டப்படாமல் 1993-இல் முடிந்தது. பிரிட்டனின் ‘ஹோட்டால்’ திட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எரிபொருள் நிரப்பிய முழு எடையைத் தாங்கும் சக்கரங்களைக் கூடவே சுமந்து போனால் சரக்குக்கு இடமில்லை என்று தெரிந்ததும், கிளம்பும்போது மட்டும் தனியாக ஒரு தள்ளுவண்டியில் ஏறி ஓடுபாதையில் ஓடுவதாக ஏற்பாடு செய்தார்கள். ‘விமானம் போல’ என்ற வாதம் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டது. அந்தத் திட்டத்தின் வாரிசாக வந்த ரியாக்ஷன் என்ஜின்ஸ் நிறுவனம் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தது. ஆயிரம் டிகிரி சூட்டுக் காற்றை நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் குளிரவைக்கும் கருவியை 2019-இல் சோதித்து வென்றும் காட்டியது; அபாரமான பொறியியல். 2024 அக்டோபர் 31-இல் திவால் நிர்வாகிகளின் கையில் போனது.

அத்தனை புத்திசாலிகள் அங்கே முட்டிக்கொண்டதற்குக் காரணம், மிச்சப்படுத்த அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள். திரவ ஆக்சிஜன் ராக்கெட்டில் இருப்பவற்றிலேயே மலிவானது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் டேங்கர் லாரிகளில் போனதே, அதே சரக்குதான். அன்று அது உயிர்ப் பிரச்சினை. சாதாரண நாளில் இரும்பாலைகள் டன் கணக்கில் பயன்படுத்தும் பொருள். அதிலும் அது அடர்த்தியானது: ஒரு கனமீட்டர் தொட்டியில் ஒரு டன்னுக்கு மேல் பிடிக்கும். திரவ ஹைட்ரஜன் அதே தொட்டியில் 71 கிலோதான் பிடிக்கும். ஆக்சிஜனைக் குறைத்து ஹைட்ரஜனைக் கூட்டும்போது வாகனம் ஊதிப் பெருக்கிறது. பெருத்த உடம்போடு காற்றுக்குள் வேகமாகப் போக வேண்டும். அதற்கு மேலும் உந்துவிசை, மேலும் வெப்பக் கவசம்.

வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றை உறிஞ்சிக்கொண்டே ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகம் என்றால் பிரமிப்பாக இருக்கிறது. சுற்றுப்பாதை வேகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஐந்தில் ஒரு பங்கு. இயக்க ஆற்றலில் சொன்னால் 4 சதவீதம்தான். மீதி 96 சதவீதத்தை எப்படியும் ராக்கெட்தான் தர வேண்டும். சாதாரண ராக்கெட் இரண்டு நிமிடத்தில் அடர்ந்த காற்றைத் தாண்டி ஓடிவிடுகிறது. காற்றை உறிஞ்சும் வாகனமோ, உறிஞ்சுவதற்காகவே காற்றுக்குள் தங்கி, தகித்துக்கொண்டு பறக்க வேண்டும். ஸ்க்ராம்ஜெட் என்ற காற்றுறிஞ்சும் இன்ஜினின் சோதனைகள் நடக்கின்றனவே என்றால், நடக்கின்றன. 2016-இல் இஸ்ரோவும் வெற்றிகரமாகச் செய்தது. இன்ஜின் எரிந்தது ஐந்து நொடி. அந்த இன்ஜினுக்கு ஆவலோடு காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் ஏவுகணை செய்பவர்கள். அவர்களுக்குத் திரும்பி வரும் கவலை இல்லை.

இனி ஷட்டில். இறக்கைக் கட்சிக்காரர்கள் அதைப் பற்றி இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. பேசினால் ‘முதல் தலைமுறை, அனுபவம் போதாது’ என்று கடந்துபோகிறார்கள். 135 பயணங்கள், முப்பது வருடம். அனுபவத்துக்கு இது போதாதென்றால் எது போதும்? 1972-இல் நிக்சன் ஒப்புதல் கொடுத்தபோது ஒரு பயணத்துக்குச் சொன்ன செலவு சுமார் ஒரு கோடி டாலர். கடைசிக் காலத்தில் நாசாவே சொன்ன கணக்கு 45 கோடி; திட்டத்தின் மொத்தச் செலவைப் பயண எண்ணிக்கையால் வகுத்தால் நூறு கோடியைத் தாண்டும். பணவீக்கத்தைக் கழித்தாலும் இந்தப் பள்ளம் மூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பறக்கும் என்றார்கள். ஒரே விமானம் மறுபடி பறந்ததில் மிகக் குறைந்த இடைவெளி 1985-இல் அட்லாண்டிஸ் எடுத்துக்கொண்ட 54 நாள். சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு அதுவும் நடக்கவில்லை.

அந்த நாட்கள் எங்கே போயின என்று பார்க்கக் கொட்டகைக்குள் போக வேண்டும். ஷட்டிலின் வயிற்றிலும் பக்கவாட்டிலும் 24,000-க்கு மேல் வெப்ப ஓடுகள். சிலிக்கா இழையால் ஆனவை. உள்ளே பெரும்பங்கு வெற்றிடம். கையில் எடுத்தால் தெர்மோகோல் போல இருக்கும். விமானத்தின் உடம்பு வளைந்து நெளிந்து போவதால் ஒவ்வொரு ஓடும் தனி வடிவம், தனி எண். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. கீழே ஒரு கம்பளித் துணி போன்ற மெத்தை, அதன் மேல் ஓடு, நடுவில் சிலிக்கோன் பசை. ஒட்டுவது கையால். இந்த ஓடுகள் மழைநீரை உறிஞ்சும். உறிஞ்சினால் எடை கூடும், மேலே போய் உறைந்தால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு ஓட்டிலும் சின்னத் துளை; ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அந்தத் துளை வழியே நீர்புகா ரசாயனத்தைச் செலுத்த வேண்டும், ஏனென்றால் முந்தைய முறை செலுத்தியது திரும்பி வரும் சூட்டில் எரிந்து போயிருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்ட தொழிலாளர்கள் ஓடு ஓடாக, வரிசை வரிசையாக நகர்ந்து போவார்கள். முதல் ஷட்டிலான கொலம்பியா 1979 மார்ச்சில் ஓடுகள் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் புளோரிடாவுக்கு வந்து சேர்ந்து, அந்த வேலைக்காகவே ஏறக்குறைய இருபது மாதம் கொட்டகையில் கிடந்தது. இதற்குப் பெயர் மறுபயன்பாடு என்றால், ஒவ்வொரு பயணத்துக்கும் வாகனத்தைப் பாதி புதிதாகக் கட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது?

அந்த இறக்கைகள் அவ்வளவு பெரிதானதற்குச் சரக்கு காரணமே இல்லை. துருவப் பாதையில் ஒரே சுற்று சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று அமெரிக்க விமானப்படை கேட்டது. ஒரு சுற்றுக்குள் பூமி சுழன்று தளம் 2,000 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அவ்வளவு பக்கவாட்டில் சறுக்கி வர பெரிய முக்கோண இறக்கை வேண்டும். அப்படி ஒரு பயணம் கடைசிவரை நடக்கவே இல்லை. ஒருநாளும் நடக்காத ஒரு வேலைக்காகச் செய்த இறக்கையை 135 முறை சுமந்தார்கள். 2003 பிப்ரவரி 1-இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா சிதறியபோது, ஓட்டை விழுந்திருந்தது இடது இறக்கையின் முன்விளிம்பில்.

பொருளறிவியல் இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டது என்பது அடுத்த வாதம். இதே வாதத்தோடுதான் 1996-இல் எக்ஸ்-33 தொடங்கியது. உலோக வெப்பக் கவசம், கலப்பு நார் ஹைட்ரஜன் தொட்டி, எல்லாம் புதுசு. 1999 நவம்பரில் தொட்டி சோதனையில் அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. 2001-இல் திட்டமே மூடப்பட்டது. நாசா மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. பொருளறிவியல் வளர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இலேசான தொட்டியும் நல்ல கவசமும் வந்தால் அவை இறக்கை இல்லாத ராக்கெட்டுக்கும் அதே அளவு உதவும். போட்டியில் இருவருக்கும் ஒரே ஊக்கமருந்து கொடுத்தால் பின்தங்கியவன் முந்திவிடுவதில்லை.

“எக்ஸ்-37பி இப்போதும் பறக்கிறதே?” பறக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் அந்தச் சின்ன விண்விமானம் ஒருமுறை 908 நாள் தொடர்ந்து சுற்றிவிட்டு 2022 நவம்பரில் இறங்கியது. சீனாவும் 2020-இலிருந்து அதே ரகத்தில் ஒன்றை ஏவி இறக்குகிறது. இவை எதுவும் ஓடுபாதையிலிருந்து கிளம்பியவை அல்ல. ஒவ்வொன்றையும் சாதாரண ராக்கெட்தான் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு போனது. ஓடுபாதையில் ஓடி, சொந்தக் காலில் சுற்றுப்பாதை சேர்ந்த வாகனம் இன்றுவரை உலகில் ஒன்றுகூட இல்லை. எக்ஸ்-37பி சரக்கு கொண்டுபோகவும் இல்லை; அதுவே சரக்கு.

சரக்குக்கென்றே கட்டப்படும் விண்விமானம் ஒன்று சியரா ஸ்பேஸ் நிறுவனத்தின் ‘ட்ரீம் சேஸர்’. நாசா 2016-இல் ஒப்பந்தம் கொடுத்தது. இறக்கையை மடித்து ராக்கெட்டின் மூக்குக் கூட்டுக்குள் அடைத்து ஏவ வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஐந்தரை டன் கொண்டுபோகும் என்பது விளம்பரம். இதில் பெரும்பகுதி விமானத்துக்குள் போவதில்லை. பின்னால் ‘ஷூட்டிங் ஸ்டார்’ என்று ஒரு உருளை மாட்டுவார்கள். அதில் மட்டும் நாலரை டன் வரை பிடிக்கும். திரும்பும்போது அந்த உருளையைக் குப்பையோடு கழற்றிவிட்டால் காற்றில் எரிந்து போகும். அதாவது மறுபயன்பாட்டுச் சரக்கு விமானம் என்று பெயர் வாங்கிய வாகனத்தில், சரக்கு போவது ஒருமுறை பயன்படுத்தி எறியும் டப்பாவில். கூடவே போய் வருவது இறக்கை. 2025 செப்டம்பரில் நாசா ஒப்பந்தத்தைத் திருத்தி, அத்தனை பயணம் கட்டாயம் வாங்குவோம் என்ற பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. முதல் பயணம் நிலையத்துக்குப் போகாமல் தனியே பறந்து காட்டும் சோதனையாக மட்டும் இருக்கும் என்று ஏற்பாடு.

விமானத்திலிருந்து ராக்கெட்டைக் கழற்றிவிடும் முறைக்கும் இதே கதி. 1990-இலிருந்து பறந்த ‘பெகாசஸ்’ சுமார் 450 கிலோ ஏற்றும். 2014-இல் நாசாவின் ‘ஐகான்’ செயற்கைக்கோளுக்கு அது கேட்ட விலை 5.6 கோடி டாலர். அதே சமயம் பல டன் ஏற்றும் ஃபால்கன் 9-இன் விலைப் பட்டியலில் இருந்தது சுமார் 6 கோடி.

ஃபால்கன் 9 பெயர் வந்துவிட்டது. அதன் கணக்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பூஸ்டரை மீட்க எரிபொருள் மிச்சம் வைப்பதால், கால்களும் துடுப்புகளும் சுமப்பதால், அதுவும் சரக்கில் கால் பங்கு அளவுக்கு இழக்கிறது. மீட்பு யாருக்கும் இலவசம் இல்லை. ஆனால் அந்த எடை இருப்பது கீழ்க்கட்டத்தில். கிலோவுக்குக் கிலோ சரக்கைத் தின்னாத இடத்தில். இன்ஜின்களில் பெரும்பாலானவையும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்பது இன்ஜின் திரும்பி வருகிறது, ஒன்றுதான் போகிறது. பூஸ்டர் பிரியும் வேகம் குறைவு என்பதால் வெப்ப ஓடும் வேண்டாம். எரிபொருள் முழுவதற்கும் இரண்டு லட்சம் டாலர்தான் ஆகிறது என்று அதைக் கட்டும் நிறுவனத்தின் முதலாளி மஸ்க் ஒருமுறை சொன்னார். காற்றை உறிஞ்சி யாரும் மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. 2015 டிசம்பர் 21-இல் முதல் பூஸ்டர் தரையில் நின்றது. 2017 மார்ச்சில் ஒன்று மறுபடி பறந்தது. 2024-இல் அந்த ரக ராக்கெட் 130 தடவைக்கு மேல் போனது. 2025-இல் ஒரு பூஸ்டர் ஒன்பது நாளில் திரும்பக் கிளம்பியது. ஷட்டிலுக்கு வாக்களிக்கப்பட்ட இரண்டு வாரத்தைத் தாண்டிக் காட்டியது இறக்கையே இல்லாத ஒரு உருளை.

அந்த நிறுவனத்தின் முதலாளியைப் பற்றி எனக்கு ஒன்றும் பெரிய அபிப்பிராயம் இல்லை. கணக்கு அவருடையதும் அல்ல.

அப்படியானால் இறக்கைக்கு வேலையே இல்லையா? உண்டு, கீழே வருவதில். 1984 நவம்பரில் வழிதவறிய இரண்டு செயற்கைக்கோள்களை, ஒன்று இந்தோனேசியாவின் பாலபா, டிஸ்கவரி பிடித்துக்கொண்டு வந்து இறக்கியது. அந்த வேலையை வேறு எதுவும் செய்திருக்க முடியாது. அதிர்ச்சி தாங்காத பொருளை, ஈர்ப்பைப் போல் ஒன்றரை மடங்குக்குள் வைத்து, ஓடுபாதையில் மெதுவாக இறக்கி, சில மணி நேரத்தில் ஆய்வகத்தில் கொடுக்க இறக்கை உதவும். ஆனால் மேலே ஆயிரம் டன் போகும்போது இப்படித் திரும்பி வர வேண்டியது எத்தனை டன்? செங்கல் ஏற்றிப் போகிற லாரி, திரும்பும்போது மழை வரலாம் என்று வீட்டையே கூரையோடு சுமந்து போவதில்லை. திரும்பி வரும் சரக்கிலும் பெரும்பாலானதற்குப் பாராசூட் போதும். இஸ்ரோவே 2007 ஜனவரியில் 550 கிலோ கலம் ஒன்றைப் பன்னிரண்டு நாள் சுற்றவைத்து வங்கக்கடலில் இறக்கி எடுத்தது. 2024 பிப்ரவரியில் வார்தா என்ற அமெரிக்க நிறுவனம், சுற்றுப்பாதையில் வளர்த்த மருந்துப் படிகங்களைச் சின்னக் கூடு ஒன்றில் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. இறக்கைக்கு மிஞ்சும் சந்தை உண்மைதான், சின்னது.

என் தரப்புக்கு இருக்கும் கடினமான கேள்வி வேறு. பூஸ்டர் திரும்பிவிட்டது, மேல்கட்டம் இன்னும் எரிந்துதானே போகிறது, அதை மீட்க என்ன வழி? மஸ்க் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் அதற்கு முயல்கிறது; அதன் வயிற்றிலும் ஆயிரக்கணக்கில் ஓடுகள், அவையும் உதிர்கின்றன. ஷட்டிலின் தலைவலி அங்கே தீர்ந்துவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் அதில் இருப்பவை விழும்போது உடம்பைச் சமநிலையில் வைக்கும் மடங்கும் துடுப்புகள். இறக்கை, சக்கரம், ஓடுபாதை எதுவும் இல்லை. கடைசி நிமிடத்தில் இன்ஜினை மூட்டி நிற்க வேண்டியதுதான். மேல்கட்டத்தை மீட்பதில் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்பது திறந்த கேள்வி. ஜெயிக்கப்போகும் வடிவம் விமானம்தான் என்று நினைக்க மட்டும் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

புஷ்பக்கை மூட்டை கட்டி வைக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்தது சுற்றுப்பாதையிலிருந்து திரும்பி வரும் சோதனை. அதற்கு மேலே கொண்டுபோகப் போவதும் ராக்கெட்தான். வெப்பக் கவசம், தானியங்கி வழிகாட்டல், ஒலியை மிஞ்சிய வேகத்தில் வாகனத்தைக் கட்டுப்படுத்துவது: இவற்றைக் கற்க அது நல்ல பள்ளிக்கூடம். ஆய்வுப் பொருளை மேலே வைத்திருந்து திரும்பக் கொண்டுவரும் சின்ன ஆய்வகமாக அது வளரலாம். அதைச் சரக்கு லாரி என்று விளம்பரம் செய்வதுதான் தப்பு. விளம்பரத்தை நம்பி வளர்கிற ஒரு மாணவர் தலைமுறை, எந்தக் கணக்கையும் போடாமலே ‘எதிர்காலம் இறக்கையில்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறது.

இஸ்ரோ எதை நம்புகிறது என்பதற்கு அதன் வரவுசெலவைப் பார்க்கலாம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. தாழ்ந்த பாதைக்கு 30 டன் ஏற்ற வேண்டும். இன்றைய எல்விஎம்-3-ஐப் போல் மூன்று மடங்கு சரக்கு, ஒன்றரை மடங்கு செலவு. மீட்டுப் பயன்படுத்தப்போவது அதன் முதல் கட்டத்தை. சரக்குக்கென்று அரசு பணம் வைத்திருக்கும் அந்த வாகனத்தில் இறக்கை இல்லை.